விலை விழுந்த நேரத்தில் பிரிவதா, பொறுப்பதா?

கேள்வி: "கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பட்டா மாமனார் பெயரில். வீட்டுக்காரர் டாக்ஸியும் ஓட்டுகிறார். பசுந்தேயிலைக்கு விலை இல்லை, சீசன் ஓட்டமும் குறைந்துவிட்டது. மூன்று வருடமாக வீட்டில் ஓயாத சண்டை. கஷ்ட காலத்தில் விவாகரத்து கூடும் என்கிறார்களே, உண்மையா? இப்போதே பிரிவதா, நிலைமை சீராகும்வரை பொறுப்பதா?"

நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. கஷ்ட காலத்தில் கசப்பு கூடும். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் மனுக்கள் பெரும்பாலும் குறையும். பிரிந்துபோகவும் பணம் வேண்டும் என்பதுதான் காரணம்.

நீண்ட காலக் கணக்கு அமெரிக்காவில் இருப்பதால் அதை முதலில் சொல்கிறேன். 1929-ல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபோது அங்கே ஆயிரம் பேருக்கு 1.7 என்ற அளவில் இருந்த விவாகரத்து, 1932-33-ல் 1.3-க்கு இறங்கியது. 1940-ல் 2.0 ஆனது. 2008-ன் வீழ்ச்சியிலும் இதே போக்குதான். 2009 முதல் 2011 வரை வழக்கமாக நடந்திருக்கக்கூடியதைவிட சுமார் ஒன்றரை லட்சம் விவாகரத்துகள் குறைந்தன என்று சமூகவியலாளர் பிலிப் கோஹன் கணக்கிட்டார். வேலைவாய்ப்பு திரும்பியதும் எண்ணிக்கையும் மெல்ல ஏறியது. குறைந்த அந்த ஆண்டுகளில் குடும்பங்கள் சந்தோஷமாக இருந்தன என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. வீட்டை விற்றால் கடன்கூட அடையாது, வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை, ஒரு சம்பளத்தில் இரண்டு வாடகை கட்ட முடியாது. அதனால் ஒத்திப்போட்டார்கள்.

நம் ஊரில் ஒத்திப்போடுவது வேறு உருவம் எடுக்கும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர், அதாவது மணமானவர்களில் 0.24 சதவீதம். பிரிந்து வாழ்பவர்கள் 0.61 சதவீதம். காகிதம் வாங்கியவர்களைப் போல இரண்டரை மடங்கு பேர் காகிதம் இல்லாமலே பிரிந்திருக்கிறார்கள். மலையில் நெருக்கடி வந்தால் இந்தக் கூட்டம்தான் பெருகும். கணவன் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்கு இறங்குவார். முதலில் மாதம் ஒருமுறை வருவார், அப்புறம் பொங்கலுக்கு, அப்புறம் பணம் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டில். யாரும் எதையும் முடிவு செய்யவில்லை, ஆனாலும் முடிந்துபோயிருக்கும். உங்களுக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பொறுப்பதானாலும் பிரிவதானாலும் தெரிந்து செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கையே ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை ஏக்கரில் மாதச் சராசரி 450 கிலோ இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 25 ரூபாய் என்றால் 11,250 ரூபாய். 15 ரூபாய்க்கு விழுந்தால் 6,750. பறிகூலி, உரம், மருந்து, இலை ஏற்றும் வண்டி எல்லாம் சேர்ந்து மாதம் 5,000 என்றால், அந்தச் செலவு விலையோடு சேர்ந்து விழாது. கையில் நிற்பது 6,250-லிருந்து 1,750-க்கு வந்துவிடும். விலை 40 சதவீதம்தான் விழுந்தது, கைக்காசு 72 சதவீதம் போய்விட்டது. "விலை கொஞ்சம்தானே இறங்கியிருக்கு, பணம் எங்கே போச்சு" என்று ஒருவர் கேட்க, மற்றவர் கோபப்பட, பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் இலைச் சீட்டுகளை வைத்து, இருவரும் சேர்ந்து ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போடுங்கள். பணத்தை ஒளித்தாரா, இல்லை வரவே இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

எந்த நஷ்டம் குடும்பத்தை உடைக்கிறது, எது உடைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கெர்வின் சார்லஸ், மெல்வின் ஸ்டீபன்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். துணைவர் ஆட்குறைப்பில் வேலை இழந்தால் விவாகரத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆலையே மூடப்பட்டு வேலை போனால் அப்படிக் கூடவில்லை. உடல் ஊனமாகி வேலை போனாலும் கூடவில்லை. வருமானம் எல்லாவற்றிலும்தான் போகிறது. எதில் போனால் வீட்டில் பழி ஒருவர் தலையில் விழுகிறது என்பதுதான் வேறு.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1996-ல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டபோது, "உன் வீட்டுக்காரர் சரியில்லை" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோதும் ஹட்டி, அதாவது படுகர் கிராமம், முழுவதும் சேர்ந்தே சரிந்தது. ஊருக்கே வந்த கஷ்டத்தில் ஒருவரை ஒருவர் தாங்குவது எளிது. டாக்ஸி அப்படியல்ல. 2024 மே மாதம் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. இதெல்லாம் எல்லா டிரைவருக்கும் பொது. ஆனாலும் ஒருவருக்கு ஓட்டம் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காதபோது, "அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். அந்த ஒப்பீடு நஷ்டத்தைவிட வேகமாக உறவை அரிக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் சண்டைகளில் எவை விலையோடு வந்தவை, எவை அதற்கு முன்பே இருந்தவை என்பது. டாக்ஸித் தவணை, பள்ளிக் கட்டணம், மாமியார் மருந்துச் செலவு பற்றிய சண்டை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பெரும்பாலும் தணியும். சொல்லாமல் வாங்கிய கடன், குடி, சந்தேகம், இழிவாகப் பேசுவது ஆகியவை விலை நன்றாக இருந்த ஆண்டிலும் இருந்தன என்றால், விலை ஏறிய பிறகும் இருக்கும். முதல் வகைக்குப் பொறுப்பதில் நியாயம் உண்டு. இரண்டாவதற்குப் பொறுத்தால் தேதி மட்டுமே தள்ளும்.

கை நீட்டுகிறார் என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம். நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வருமானம் போன வீட்டில் அடி கூடும், குறையாது. 181-க்கு அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உத்தரவு, செலவுக்குப் பணம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். விவாகரத்து கேட்கத் தேவையே இல்லை. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே உங்களை வெளியேற்றிவிட முடியாது. புகுந்த வீட்டில் தங்கும் உரிமை உறவினர் பெயரில் உள்ள வீட்டுக்கும் பொருந்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியிருக்கிறது.

அடி இல்லை, ஆனால் சேர்ந்து வாழவும் முடியவில்லை, இரண்டு வீட்டுக்கும் வசதியில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு கூரை என்று பொருள் இல்லை. கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் ஒரே வீட்டில் இருந்தாலும் அது பிரிவுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனி அறை, தனிச் சமையல், தனிச் செலவுக் கணக்கு என்று இருந்து, அது தொடங்கிய தேதியைக் குறித்து வைத்தால் அந்த ஓராண்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் விலை ஏறி மனமும் மாறினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் இதைப் பத்திரத்தில் எழுதும்போது கவனம் வேண்டும். "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பழைய 125-ஆம் பிரிவில், அதாவது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில், ஜீவனாம்சம் கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு அந்தப் பிரிவில் ஜீவனாம்சம் இல்லை. அதேபோல் கோபத்தில் ஒரு வார்த்தையும் எழுதாமல் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டாண்டு இருந்துவிட்டால், "விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்று அவர் விவாகரத்து கேட்க வழி பிறக்கும். போவதானால் ஏன் போகிறீர்கள் என்பதைப் பதிவுத் தபாலிலோ, காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிய மனுவிலோ, குறைந்தது அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலோ பதிந்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது நகை. மலையில் விலை விழுந்தால் முதலில் அடகுக்குப் போவது பெண்ணின் கழுத்துதான். அது உங்கள் சீதனம். கணவரிடம் இருந்தாலும் அவர் வெறும் காப்பாளர் என்று 1985-லும், கஷ்டத்துக்கு எடுத்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் உங்கள் பக்கம்தான், சாட்சியம்தான் இல்லாமல் போகும். ஆகவே அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் பெயரிலேயே வையுங்கள். மீட்கும் உரிமை ரசீதில் பெயர் இருப்பவருக்கே. எத்தனை பவுன், என்ன நகை என்று பட்டியல் எழுதி, கல்யாணப் புகைப்படமும் கடை பில்லும் சேர்த்து அம்மா வீட்டில் ஒரு நகல் வையுங்கள். வட்டி கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போகும். ஏலம் போன நகைக்கு வழக்கு நடத்துவது இரட்டைக் கஷ்டம்.

கடனில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டாக்ஸிக் கடனில் நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால், "கடனை அவரே கட்டுவார்" என்று விவாகரத்து மனுவில் எழுதுவது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் கோர்ட்டில் இரண்டு முறை சம்மதம் சொல்ல வேண்டும்; இரண்டாவது முறை சொல்வதற்கு முன்பே வங்கியில் உங்கள் பெயரை விடுவித்துக் கடிதம் வாங்குங்கள். மகளிர் குழுக் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும், பணம் அவர் கைக்குப் போயிருக்கலாம். அதற்கு வங்கிக் கணக்கில் பணம் மாற்றிய பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இனி எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மோசமான ஆண்டின் வருமானத்தை வைத்து மொத்தத் தொகை பேசி முடித்துவிடுவது. தமிழ்நாட்டில் கணவன் மனைவி சேர்த்த சொத்தை ஆளுக்குப் பாதி என்று பிரிக்கும் சட்டம் இல்லை. மாமனார் பெயரில் உள்ள பட்டாவில் உங்களுக்கு நேரடிப் பங்கும் இல்லை. ஆகவே உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஜீவனாம்சம்தான், அது வருமானத்தைப் பார்த்துத்தான் வரும். நிகர வருமானத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் அளவுகோலாக எடுப்பார்கள். அது கட்டாய விதி இல்லை. மேலே போட்ட கணக்கில் 1,750-க்கு 25 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள்: 437 ரூபாய் 50 காசு. டாக்ஸி வருமானத்தைச் சேர்த்தாலும் மந்தமான ஆண்டில் தொகை சிறுத்துத்தான் இருக்கும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி மொத்தமாக வாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு விலை ஏறினாலும் திரும்பக் கேட்பது மிகக் கடினம்.

அதனால் ஒரு மாத வருமானத்தைக் காட்டி யார் பேசினாலும் ஏற்காதீர்கள். ஃபேக்டரியில் இலை போட்ட கணக்கை 36 மாதத்துக்கு எடுங்கள். கிலோ ஒருபக்கம், கிடைத்த ரூபாய் ஒருபக்கம். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் மாவட்டச் சராசரி விலையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இலை அளவு திடீரென்று குறைந்து விலை குறையாமல் இருந்தால், இலை வேறு பெயரில் போகிறது என்று சந்தேகிக்க இடம் உண்டு. டாக்ஸிக்கு ஃபாஸ்டாக் பதிவும் யூபிஐ வரவும் போதும். 2020-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன், வரவு செலவை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பொய் சொன்னால் அதற்கே நடவடிக்கை கேட்கலாம். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே தீர்ப்புத்தான். "வேலை இல்லை, வருமானம் இல்லை" என்பதும் முழுத் தப்பிப்பு ஆகாது. உடம்பில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

மொத்தத் தொகை வேண்டாம், மாதத் தொகை என்று முடிவானால், நிலைமை மாறும்போது கூட்டவும் குறைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இது அவருக்கும் நல்லது, விலை மறுபடி விழுந்தால் குறைக்கக் கேட்கலாம். தவணை தவறினால் 12 மாதத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். அதற்கு மேல் பழைய பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. "பாவம், இந்த வருஷம் விலை இல்லை" என்று இரண்டு வருடம் சும்மா இருந்து, அப்புறம் மொத்தமாகக் கேட்பவர்கள் இழப்பது இங்கேதான். மொத்தத் தொகைதான் என்றால் முதல் மனுவின்போது பாதி, இரண்டாவது சம்மதத்தின்போது மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சம்மதம் சொல்லும்வரை யாரும் பின்வாங்கலாம். இடையில் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு உண்டு.

உங்கள் நிலை இப்படி. இதையே படிக்கும் எஸ்டேட் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். லைன் வீடு வேலையோடு வந்தது. வேலை யார் பெயரில் இருக்கிறதோ அவரே அந்த வீட்டில் நிற்க முடியும். வேலையை விட்டுவிட்டுப் பிரிந்தால் ஒரே நாளில் கூலியும் கூரையும் போகும். பெண் பெயரில் வேலை இருந்தால் நெருக்கடியில் அதை விடாமல் வைத்திருப்பதுதான் பெரிய பலம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சிக்கல் இன்னொரு மாதிரி. 1969-ஆம் ஆண்டு ஜென்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்களிடம் பட்டா இல்லை. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அங்கே குடியிருப்பதுதான் சொத்து. வெளியேறியவருக்குக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அந்த வீட்டை விட்டு இறங்குமுன் வரி ரசீது, மின் இணைப்பு, குடும்ப அட்டை முகவரி எதில் உங்கள் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

பணமில்லாதபோது எல்லோரும் தேடுவது குறுக்கு வழி. ஊர்ப் பெரியவர்கள் முன் பேசி, நோட்டரியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி, "அத்துவிட்டாச்சு" என்பது. ஊர்க்கூட்டம் சமாதானம் பேச மிக நல்ல இடம். ஆனால் அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல். நிரூபிக்க முடியாவிட்டால் அடுத்த கல்யாணம் குற்றமாகிவிடும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி மக்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அவர்கள் வழக்கம்தான் சட்டம். இருந்தாலும் ஜீவனாம்சப் பிரிவும் குடும்ப வன்முறைச் சட்டமும் எந்த மதம், எந்தச் சமூகமானாலும் பொது.

காகிதம் இல்லாத பிரிவு அரசு உதவியிலும் அடிக்கும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகைக்கு ஐந்தாண்டு பிரிந்திருக்க வேண்டும் அல்லது கோர்ட்டில் வாங்கிய பிரிவுச் சான்று வேண்டும். மகளிர் உரிமைத் தொகை குடும்ப அட்டையை வைத்தே வருகிறது. அட்டையில் நீங்கள் இன்னும் மாமியார் குடும்பத்தில் இருந்தால் உங்களுக்கெனத் தனியாக வராது.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழையுங்கள், அல்லது ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுங்கள். வழக்கு நடக்கும் இடம் வக்கீல் ஃபீஸைவிட முக்கியம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே சுமார் 50 கிலோமீட்டர். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே விவாகரத்து மனுப் போடலாம். நீங்கள் அம்மா வீட்டுக்கு மேட்டுப்பாளையம் இறங்கப்போகிறீர்கள் என்றால், அங்கே குடியிருப்பதைக் காட்டும் ஆதாரத்தை முதல் மாதமே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஒன்றே பல நேரங்களில் போதும்.